அக்கம்பக்கத்தில் கேட்டு நிரப்புகிறவர்

மனிதர்களில் நிரப்பி என்று ஓர் இனம் இருக்கிறது. தேடிப் பிடிக்க மலை ஏற வேண்டாம். டீக்கடைப் பெஞ்சில், பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில், கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்கு நிற்கிற வரிசையில், ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காருகிற நாற்காலியில் என்று எங்கும் விளையும். மழை வேண்டாம், உரம் வேண்டாம். பார்ப்பதற்கு உங்களையும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரையும் போலவே இருக்கும். அடையாளம் ஒன்றே ஒன்றுதான். எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்கிற சொல் மட்டும் அதன் வாயிலிருந்து வராது.

உடனே பொய்க்காரர் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். பொய்க்காரருக்கு உண்மை தெரியும், தெரிந்தே மறைப்பார். நிரப்பி அப்படியில்லை, பாவம். அவருக்கு மூன்றில் ஒரு பங்கு நிஜமாகவே தெரியும். மிச்சம் இரண்டு பங்கை இந்தப் பக்கத்து ஆளிடம் கொஞ்சம், அந்தப் பக்கத்து ஆளிடம் கொஞ்சம் வாங்கி, கூட்டி, இரண்டால் வகுத்து, ஓட்டை தெரியாமல் பூசி மெழுகி, தானே நேரில் நின்று பார்த்த மாதிரி எடுத்துவிடுவார். பூசினது எது, பார்த்தது எது என்று சாயங்காலத்துக்குள் அவருக்கே மறந்துபோகும். அதுதான் அவருடைய பலம்.

சங்கரன்கோவிலில் கழுகுமலை ரோட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிற இசக்கித்துரையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இனத்தில் கலப்படமில்லாத உருப்படி. ஒருநாள் கரிவலத்துப் பஸ் வரவில்லை. ஸ்டூடியோ வாசலில் நின்ற ஒருவர், “டயரு பஞ்சராம்லா” என்றார். இன்னொருவர், “கரிவலத்துல இன்னைக்கு ஏகப்பட்ட கல்யாணம்” என்றார். மூன்றாவதாக ஓர் அம்மா வந்து, “தம்பி, பஸ் ஏன் இன்னும் வரல?” என்று கேட்டதுதான் தாமதம், இசக்கித்துரை சொன்னார்: “கல்யாண வேன் டயரு வெடிச்சு ரோட்டுக்குக் குறுக்க கெடக்கு, ஆச்சி. மாப்பிள்ளையே எறங்கித் தள்ளிக்கிட்டு இருக்காரு. பட்டு வேட்டியெல்லாம் மண்ணு.”

அந்த அம்மா ‘ஐயோ பாவமே’ என்று உச்சுக்கொட்டினாள். அடுத்த நிமிஷம் பஸ் வந்தது. டிரைவர் வழியில் நிறுத்தி வடை தின்றிருக்கிறார். அவ்வளவுதான் சங்கதி. வேனையும் டயரையும் யார் வேண்டுமானாலும் ஒட்டவைத்துவிடலாம். மாப்பிள்ளையை இறக்கி, அவர் வேட்டியில் மண்ணைப் பூசினார் பாருங்கள், அதற்குத்தான் அனுபவம் வேண்டும்.

ஸ்டூடியோவில் அவருக்கு நேரெதிர் ஒருத்தி உண்டு. அவருடைய மனைவி ஞானசெல்வி. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆல்பம் அடிக்கிறது, கலர் திருத்துகிறது, பாஸ்போர்ட் போட்டோ வெட்டுகிறது எல்லாம் அவள்தான். மதுரையில் ஆல்பம் கம்பெனிக்காரர்கள் நடத்திய மூன்று நாள் வகுப்புக்கு இருவரும் போயிருந்தார்கள். அவள் நோட்டுப் போட்டு எழுதினாள். அவர் சாப்பாட்டுக்கு முன்னால் பாதி வகுப்பும், சாப்பாட்டுக்குப் பின்னால் தூக்கமுமாக மூன்றில் ஒரு பங்கைக் கேட்டார். மிச்சத்தை எப்படிச் சமாளித்தார் என்று சொல்லவும் வேண்டுமா?

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு சேலை.

பொன்னுச்சாமி இசக்கித்துரைக்குச் சின்ன வயசுச் சேக்காளி. வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நாலு விசைத்தறி ஓட்டுகிறவர். நாலில் இரண்டு, இரண்டு மாதமாகப் படுத்துவிட்டன. அந்தத் தறிகளை ஓட்டிய இரண்டு பெண்களையும் ‘கொஞ்ச நாள் பொறுத்துக்கிடுங்கம்மா’ என்று வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் அந்த இரண்டு தறியையும் கழற்றி இரும்பு விலைக்குப் போட வேண்டியதுதான் என்று மனுஷன் ராத்திரி பகலாகப் புலம்பிக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே யோசித்து ஒரு புது ரகம் நெய்தார். வெள்ளையும் கருப்பும் மட்டும். நூலுக்கு நூல் மாறி மாறி வருகிற பொடிக் கட்டம். அரிசிக் குருணையைவிடச் சின்னது. பருத்திச் சேலை, தொட்டால் குளுகுளுவென்று இருக்கும்.

கடையநல்லூரில் ஆபிதா பானு என்று ஒரு பெண் வாட்ஸ்அப்பில் சேலை வியாபாரம் பார்க்கிறாள். கடை கிடையாது; இரண்டு பீரோவும் ஒரு போனும்தான். ஊரில் பாதிப் பேருக்கும் அரபு நாட்டில் இருக்கிற அவர்கள் உறவுக்காரர்களுக்கும் அவள் போடுகிற படம்தான் கடை. அவளுக்கு அனுப்ப நல்லதாக ஒரு போட்டோ வேண்டும் என்று பொன்னுச்சாமி சேலையைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார்.

இசக்கித்துரை சேலையைக் கம்பியில் தொங்கவிட்டு, விளக்கு போட்டு, ‘கொஞ்சம் சிரி’ என்று சேலையிடம் சொல்லாத குறையாக, நாலு படம் எடுத்தார். ஞானசெல்வி கம்ப்யூட்டரில் திறந்தாள்.

திரையில் வெள்ளையும் கருப்பும் இல்லை. சேலை முழுக்க ரோஸும் பச்சையும் அலை அலையாக ஓடியது. தேங்கின மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் ஒரு நிறம் மிதக்குமே, அது மாதிரி.

“ஏ துரை,” என்றார் பொன்னுச்சாமி, “இது யாரு சேலைவே?”

“ஏங்க, அது துணியில இல்ல,” என்றாள் ஞானசெல்வி. “கேமரா சும்மா ஊகிச்சுப் போடுத கலரு அது. கொஞ்சம் கிட்ட போயி, சாய்ச்சு, இன்னொரு படம் எடுங்க. போயிரும்.”

இதைக் கேட்டுவிட்டு எழுந்து இன்னொரு படம் எடுத்திருந்தால் இந்தக் கதையும் இல்லை, இசக்கித்துரை நிரப்பியும் இல்லை. அவருக்குத் தெரிந்தது ஒரு பங்கு: படத்தில் நிறம் ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்று தெரியாது. சேக்காளி முன்னால், அதுவும் பெண்டாட்டி சொல்லி, ‘தெரியாது’ என்று எழுந்திருக்க முடியுமா? இடப்பக்கம் திரும்பினார்.

“நூலு எங்கன வாங்குனது?”

“புதுசுவே. கோயம்புத்தூரு மில்லு. இதுதான் மொதத் தடவ.”

வலப்பக்கம் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு காத்திருந்த ஒருவர், கேட்காமலே சொன்னார்: “நல்ல துணின்னா ஒரு மினுக்கம் இருக்கத்தான் செய்யும்.”

போதாதா? புது நூல் பாதி, மினுக்கம் பாதி.

“பொன்னு, ஒன் நூலுக்குள்ள ஒரு கலரு ஒளிஞ்சு கெடக்குவே,” என்றார் இசக்கித்துரை, நாடி பிடித்த வைத்தியர் மாதிரி. “நம்ம வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. லென்ஸு பிடிச்சுட்டு. கோயம்புத்தூருக்காரன் ஒங்கிட்டச் சொல்லாம ஒசத்தி நூலக் குடுத்துட்டான்.”

பொன்னுச்சாமிக்கு முகமெல்லாம் பல். இரண்டு மாதமாகத் தறி படுத்துக் கிடக்கிற மனுஷனிடம், உன் நூலுக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது என்று சொன்னால் வேண்டாம் என்பாரா?

“நெசமாவா சொல்லுத?”

“இருபது வருசமா லென்ஸுக்குப் பின்னால நிக்கேன். எங்கிட்டயா கேக்க?”

ஞானசெல்வி வாயைத் திறந்தாள். அதற்குள் படம் கடையநல்லூருக்குப் போய்விட்டது.

மறுநாள் ஆபிதா பானுவிடமிருந்து குரல் செய்தி வந்தது. பொன்னுச்சாமி அதை ஸ்டூடியோவுக்கே கொண்டுவந்து, சத்தமாக வைத்து, மூன்று தடவை கேட்கவைத்தார். “அண்ணாச்சி, மாஷா அல்லாஹ், என்ன ஒரு சேலை! அந்த ரோஸும் பச்சையும் ஓடுது பாருங்க, எங்க குரூப்புல எல்லாரும் அதத்தான் கேக்காங்க. அறுபது எடுத்துக்கிடுதேன். பெருநாளைக்கு முந்தி கைக்கு வந்துரணும். போட்டோவுல உள்ள மாதிரியே இருக்கணும் அண்ணாச்சி. கலரு மாறுனா ஒண்ணுகூட எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

அறுபது சேலை! படுத்த தறி இரண்டும் எழுந்து ஓடும். வீட்டுக்கு அனுப்பின இரண்டு பேரும் திரும்பி வருவார்கள். பொன்னுச்சாமி அன்றைக்கே இரண்டு பேருக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம்தான் சேலையை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். வெள்ளை, கருப்பு. டியூப் லைட்டில் பார்த்தார். வெள்ளை, கருப்பு. பேத்தியின் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துப் பார்த்தார். பெரிய வெள்ளை, பெரிய கருப்பு. வியர்த்துவிட்டது. சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினார்.

“வே, அந்த ரோஸ் எங்கனவே இருக்கு?”

இந்தக் கேள்வி வரும் என்று இசக்கித்துரை எதிர்பார்க்கவில்லை. நிரப்பிகளுக்கு ஒரு குறை உண்டு. பூசின இடத்தில் யாராவது வந்து ஆணி அடிப்பார்கள் என்று நினைக்கவே மாட்டார்கள். அதற்காக அசந்துவிடுவார்களா? மேலே இன்னொரு கைப் பூச்சுதான்.

“ஒளிஞ்சு கெடக்குன்னேம்லா? வெளிய வர மாட்டேங்குன்னா நாமதான் தொணைக்கு ஆளு போடணும். வெள்ளைக்குப் பதிலா ரோஸ் நூலு போடு, கருப்புக்குப் பதிலா பச்சை நூலு போடு. அந்தப் பொடிக் கட்டத்தை மட்டும் மாத்திராத. போட்டோவுல இருக்கது அப்பிடியே கைக்கு வந்துரும்.”

சொல்லக் கேட்க எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள். பொன்னுச்சாமி ரோஸ் நூலும் பச்சை நூலும் வாங்கி, தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலை மாற்றி, நாலு நாள் மெனக்கெட்டு ஒரு சேலை நெய்துகொண்டு வந்தார். கம்பியில் தொங்கவிட்டார்கள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்கள்.

பொன்னுச்சாமி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

நூலுக்கு நூல் மாறி நிற்கிற ரோஸும் பச்சையும் தூரத்தில் ஒன்றோடொன்று கலந்து, மழையில் நனைந்த சிமெண்டு மூட்டை நிறத்தில் தொங்கியது சேலை. ‘கேமராவுக்குத் தெரியும்’ என்று இசக்கித்துரை படம் எடுத்துப் பார்த்தார். கேமராவும் சிமெண்டு என்றே சொன்னது.

“கலரே இல்லாத சேலைக்குக் கலரு வருது,” என்றார் பொன்னுச்சாமி. “கலரு போட்ட சேலைக்குக் கலரு போயிட்டு. என்னவே நடக்கு? பெருநாளைக்கு இன்னும் பன்னெண்டு நாளுதான் கெடக்கு.”

இசக்கித்துரை லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த லென்ஸ்.

ஞானசெல்விதான் நாற்காலியை இழுத்துப் போட்டு, “அண்ணாச்சி, இங்கன ஒக்காருங்க” என்றாள். “கேமராவுக்குள்ள இருக்கது ஒரு தெருன்னு வச்சுக்கிடுங்க. லட்சக்கணக்கான வீடு. ஆனா ஒவ்வொரு வீட்டுலயும் ஒரே ஒரு சாமானுதான் இருக்கும். ஒரு வீட்டுல புளி மட்டும். அடுத்த வீட்டுல மிளகாப்பொடி மட்டும். இன்னொண்ணுல உப்பு மட்டும். எல்லா வீட்டுலயும் கொழம்பு வச்சாகணும். என்ன செய்வாவ?”

“பக்கத்து வீட்டுல கடன் வாங்குவாவ.”

“அதேதான். கேமராவுல உப்பு, புளிக்குப் பதிலா செவப்பு, பச்சை, நீலம். ஒரு புள்ளிக்கு ஒரு கலரு வெளிச்சந்தான் தெரியும். மத்த ரெண்டையும் சுத்தி இருக்க புள்ளிக்கிட்டக் கேட்டுத்தான் போட்டுக்கிடும். நாம பாக்குத எந்தப் போட்டோவுலயும் மூணுல ரெண்டு பங்கு கேட்டுப் போட்டதுதான்.”

“கல்யாண ஆல்பமுமா?”

“ஒங்க மக கல்யாண ஆல்பமும்தான்.”

பொன்னுச்சாமி அதிர்ந்துபோய் இசக்கித்துரையைப் பார்த்தார். இசக்கித்துரை லென்ஸை இன்னும் வேகமாகத் துடைத்தார்.

“பயப்படாதிய. முகம், செவரு, வானம்னா தப்பு வராது. பக்கத்துப் பக்கத்துல ஒரே மாதிரி இருக்குமுல்லா? கேட்டு வாங்குனா சரியாத்தான் இருக்கும். ஒங்க சேலை அப்பிடி இல்ல. நூலுக்கு நூலு மாறுது. செவப்பு வீடெல்லாம் வெள்ளை நூலு மேல விழுந்துட்டு, நீல வீடெல்லாம் கருப்பு நூலு மேல விழுந்துட்டுன்னு வைங்க. செவப்பு வீட்டுக்காரன் ‘எனக்கு நெறைய வெளிச்சம்’ங்கான். நீல வீட்டுக்காரன் ‘எனக்கு இருட்டு’ங்கான். கேமரா என்ன நெனைக்கும்? இந்தத் தெருவே செவப்புத் தெருன்னு நெனைச்சுரும். நாலு வீடு தள்ளுனா கட்டம் மாறி விழும், அப்ப பச்சைத் தெருன்னு நெனைச்சுரும்.”

“ரெண்டு கொசுவலையை ஒண்ணு மேல ஒண்ணு போட்டா அலை அலையா ஒரு டிசைன் தெரியும்லா?” என்றார் பொன்னுச்சாமி, கண் விரிய. “அது ரெண்டு வலையிலயும் கெடையாது.”

“அதுதான் அண்ணாச்சி! நீங்க தறிக்காரரு, ஒங்களுக்கு நான் சொல்லணுமா?”

அவள் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கேமரா தன் பாட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுப் படத்தைக் கொடுத்துவிடும். ஆனால் வீட்டுக்கு ஒரு சாமானாக இருக்கிற கச்சாப் படத்தை எடுத்து நாமே வேறு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். முதல் கணக்கு, கிட்டே இருக்கிற ஒரே வீட்டுக்காரன் சொன்னதை அப்படியே காப்பி அடிக்கும். அதில் சேலை ஓரமெல்லாம் ரம்பப் பல் மாதிரி வந்தது. இரண்டாவது, நாலு பக்கமும் கேட்டுச் சராசரி போடும். ஓரம் மழுங்கி, ரோஸும் பச்சையும் இன்னும் கூத்தாடின. மூன்றாவது கணக்கு கொஞ்சம் விவரமானது. நூல் எந்தப் பக்கமாகப் போகிறது என்று முதலில் பார்த்துக்கொண்டு, அந்த வரிசையிலேயே கேட்கும், குறுக்கே தாண்டிக் கேட்காது. அதில் முக்கால்வாசி நிறம் அடங்கிவிட்டது. அங்கங்கே மட்டும் ஒரு ரோஸ் கீற்று.

“எந்தக் கணக்கும் முழுசா சரியா வராது அண்ணாச்சி. இல்லாததக் கேட்டு வாங்குததுதானே? கிட்ட போயி எடுக்கணும். நூலு பெருசாத் தெரிஞ்சா கேமராவுக்கு ஊகிக்க வேண்டிய வேலை கொறையும்.”

கிட்டே போய், சாய்த்து, அவளே ஒரு படம் எடுத்தாள். வெள்ளை, கருப்பு. சுத்தமாக, பொடிப்பொடியாக, அழகாக.

பொன்னுச்சாமி அதை வெகுநேரம் பார்த்தார். “இதுதான் என் சேலை,” என்றார். அப்புறம், “இதை அந்தப் பிள்ள கேக்கலியே” என்றார்.

ஆபிதா பானு இரண்டு நாள் கழித்து நேரிலேயே வந்துவிட்டாள். நெய்த வரைக்கும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பஸ் ஏறியவள், ஷெட்டில் பொன்னுச்சாமி வெள்ளை கருப்புச் சேலையையே எடுத்து நீட்டுவதைப் பார்த்துவிட்டு, “வாங்க, போட்டோ எடுத்தவுகளையே கேட்டுருவோம்” என்று சேலையும் கையுமாக ஸ்டூடியோவுக்குள் நுழைந்தாள். சேலையை மேஜையில் விரித்தாள். பக்கத்தில் போனில் அந்தப் படத்தை வைத்தாள்.

“போட்டோ அண்ணாச்சி, ஒரே கேள்விதான். இந்த ரோஸ் எங்க இருந்து வந்துச்சு?”

இசக்கித்துரைக்கு வாய் பரபரத்தது. ஒன்றல்ல, மூன்று பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. கடையநல்லூர் வெயிலுக்குத்தான் நிறம் தெரியும் என்று சொல்லலாம். நாலு தடவை துவைத்தால் மேலே வரும் என்று சொல்லலாம். எல்லாவற்றையும்விட வசதியாக, பொன்னு நூலை மாற்றிவிட்டான் என்று சொல்லிவிடலாம். அவர் தொழிலுக்கு ஒரு கீறல் விழாது.

பழக்கம் விடுமா? இடப்பக்கம் திரும்பினார். பொன்னுச்சாமி நின்றுகொண்டிருந்தார். முகத்தில் கெஞ்சல். நூலுக்குள் நிறம் ஒளிந்திருக்கிறது என்று இவர் இன்னொரு தடவை சொன்னால், அதை எடுத்துவிட்டு மட்ட நூலைப் போட்டுவிட்டான் என்கிற பட்டம் அந்த முகத்துக்குத்தான் போகும். வலப்பக்கம் திரும்பினார். ஞானசெல்வி. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கப் பார்த்தார் இசக்கித்துரை. வகுபடவில்லை.

தொண்டையைச் செருமினார். மின்விசிறியைப் பார்த்தார். மறுபடி செருமினார். பிரசவ வலி மாதிரி ஒரு முனகல் வந்தது.

“தெரியாதும்மா,” என்றார்.

“என்னது?”

“தெரியாமத்தான் சொன்னேன். நூல்ல கலருன்னு நான்தான் அடிச்சுவிட்டேன். பொன்னு மேல தப்பு கெடையாது. அவன் நெய்தது இதுதான், வெள்ளையும் கருப்பும். ரோஸு கேமரா போட்டது. ஏன் போட்டுதுன்னு எம் பொண்டாட்டி சொல்லுவா. எனக்கு… தெரியாது.”

இரண்டு தடவை! ஞானசெல்வி சுவரில் தொங்கின காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். தேதியைக் குறித்துக்கொண்டிருப்பாள்.

ஆபிதா பானு சேலையைக் கையில் அள்ளினாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் தன் போனால் ஒரு படம் எடுத்தாள். அதிலும் ரோஸ் ஓடியது. போனையும் துணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அடப்பாவி போனே!” என்று சிரித்தாள். ஆனால் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

“அறுபது பேருக்கு நான் வாக்குக் குடுத்துருக்கேன் அண்ணாச்சி. நான் என்ன சொல்ல அவங்ககிட்ட?”

“எம் பேரச் சொல்லு தாயி. போட்டோக்காரன் தெரியாம எடுத்துட்டான்னு சொல்லு.”

“நான் ஏன் சொல்லணும்?” அவள் போனில் குரல் பதிகிற பொத்தானை அழுத்தி அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். “நீங்களே சொல்லுங்க.”

ஸ்டூடியோ வாசலில் நின்றபடியே மாப்பிள்ளையை இறக்கி வேன் தள்ளவைத்த வாய், அன்றைக்குப் பதினோரு விநாடி பேசுவதற்குள் மூன்று தடவை எச்சில் விழுங்கியது. “எல்லாருக்கும் வணக்கம். நான் சங்கரன்கோயில் போட்டோக்காரன். அந்தச் சேலை வெள்ளை கருப்புதான். கலரு கேமராவோட தப்பு… எந் தப்பு. மன்னிச்சுக்கிடுங்க.” ஞானசெல்வி எடுத்த வெள்ளை கருப்புப் படத்தையும் சேர்த்து ஆபிதா பானு அனுப்பிவிட்டாள்.

நாலு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து போனையே பார்த்தார்கள். முதல் பதில்: ‘எனக்கு வேண்டாம்.’ இரண்டாவது: ‘எனக்கும்.’ பொன்னுச்சாமி எழுந்து வாசலுக்குப் போனார். மூன்றாவது ஒரு குரல். மகபூப் பீவி என்று ஆபிதா பானு சொன்னாள், பள்ளிக்கூடத்து டீச்சராம். “ஏ ஆபிதா, இதுதான்டீ நல்லாருக்கு. ஸ்கூலுக்குக் கட்டிட்டுப் போலாம். அந்த ரோஸு மினுமினுப்பு யாருக்கு வேணும்? எங்க ஸ்டாஃப் ரூமுக்கு ஏழு எடுத்து வை.” அப்புறம் வரிசையாக வந்தன. வேண்டும், வேண்டாம், வேண்டும், வேண்டும். தோஹாவிலிருந்து ஒருத்தி: “அந்தப் போட்டோ அண்ணாச்சி கொரலக் கேக்கவே பாவமா இருக்கு. அவருக்காகவாவது எனக்கு ரெண்டு போடு.”

சாயங்காலத்துக்குள் நாற்பத்தாறு தேறியது.

“ஏ பொன்னு அண்ணாச்சி!” என்று ஆபிதா பானு வாசலைப் பார்த்துக் கத்தினாள். “நாப்பத்தாறு! வெள்ளையும் கருப்பும்! கேமராவக் கேட்டு ஒண்ணும் சேக்காதிய, ஆமா!”

பொன்னுச்சாமி உள்ளே வந்தார். இசக்கித்துரையின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். பாராட்டா, பழிவாங்கலா என்று சொல்ல முடியாத அடி. மறுநாள் காலையில் நாலு தறியும் ஓடின. அந்தத் தெருவில் அன்றைக்கு யார் பேசினதும் யாருக்கும் கேட்கவில்லை.

திருந்திவிட்டார் இசக்கித்துரை என்று நினைக்கிறீர்களா? அடுத்த வாரமே டீக்கடையில் நாலு பேரைக் கூட்டி வைத்து, கேமராவுக்குள் இருக்கிற தெருவைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். புளி, மிளகாய்ப்பொடி, உப்பு, கடன் எல்லாம் சரியாகவே சொன்னார். நாலு வீட்டில் பச்சைக்கு மட்டும் இரண்டு வீடு என்று, வகுப்பு நோட்டில் எட்டிப் பார்த்ததையும் எடுத்துவிட்டார். ஒருவர் கேட்டார்: “அதென்ன, பச்சைக்கு மட்டும் ரெண்டு வீடு?”

ஒரு கணம் உதடு ‘தெ’ என்று குவிந்தது. கிட்டே வந்துவிட்டது. இடப்பக்கம் ஒருவர் தன் அண்ணனோடு நடக்கிற சொத்துத் தகராறைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“பச்சை வீட்டுல பாகப்பிரிவினை ஆயிட்டுல்லா?” என்றார் இசக்கித்துரை.

எதிர்த்த கடையில் பால் வாங்கிக்கொண்டிருந்த ஞானசெல்வி அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: “மனுசக் கண்ணுக்குப் பச்சை வெளிச்சந்தான் நல்லா பிடிபடும், அதுக்காவ! சும்மா வாய வச்சுக்கிட்டுக் கெடங்க!”

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். இசக்கித்துரைக்கு மீசை உண்டா இல்லையா, சொல்லுங்கள் பார்ப்போம். உண்டு, அல்லவா? நரைத்ததா, மை பூசியதா என்பதுவரைகூட உங்களுக்குத் தெரியும். கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்தாளே ஆபிதா பானு, அவள் என்ன உடுத்தியிருந்தாள்? யோசிக்கவே வேண்டாம், கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டையும் எங்கே படித்தீர்கள் என்று மேலே போய்த் தேடிப் பாருங்கள். ஒரு வரி இருக்காது. எழுதினவருக்கே தெரியாத சங்கதி அது. அவ்வளவையும் அக்கம்பக்கத்து வரிகளில் கேட்டு, நேரில் நின்று பார்த்த மாதிரி நீங்களாகப் போட்டுக்கொண்டீர்கள்.

கூச்சப்படாதீர்கள். கழுகுமலை ரோட்டுப் பக்கம் வந்தால் ஸ்டூடியோவுக்குள் வாருங்கள். உங்களைப் போல ஒருவர் உள்ளே இருக்கிறார்.